பவித்ராவின் முறை

மாதையன் தக்காளி வண்டியைப் பள்ளி வாசலில் நிறுத்தினார். என்ஜினை அணைக்கவில்லை. பின்னால் பெட்டி பெட்டியாகப் பழம். பாலக்கோடு மண்டிக்குப் போகிற வழியில் இறங்கியிருந்தார். பறித்துவிட்டு இன்னும் கழுவாத கை, விரலெல்லாம் செடியின் பச்சைக் கறை, அதே வாசம். சட்டைப் பையிலிருந்து செல்போனை இரண்டு விரலால் எடுத்து என்னிடம் நீட்டினார்.

“இத கொஞ்சம் படிச்சு சொல்லுங்க டீச்சர். எம்மச்சான் பையன் படிச்சான். அவன் தப்பா படிச்சிருப்பான்னு நெனச்சுதான் வந்தேன்.”

தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்பியிருந்தார்கள். வாய்விட்டுப் படித்தேன். “அன்பான பெற்றோரே, வாழ்த்துகள்! உங்கள் குழந்தை பவித்ரா கணக்கில் நான்காம் வகுப்பு நிலையை எட்டியுள்ளார்.”

பவித்ரா படிப்பது பத்தாம் வகுப்பு.

“அப்ப அவன் சரியாத்தான் படிச்சிருக்கான்” என்றார் மாதையன். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். “பைய எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க. தோட்டத்துல பறிப்பு கெடக்குது. நாலாவது கணக்கு போடறவளுக்கு பத்தாவது பரீட்ச எதுக்குங்க? ஓசூர்ல எந்தங்கச்சி வூடு இருக்குது. தையல் கம்பெனில சேத்து வுடறேன்னா.”

அந்தப் பள்ளிக்குக் கணக்கு டீச்சர் நான். என் சர்வீஸில் பவித்ரா மாதிரி கணக்குப் போடுகிற பிள்ளையைப் பார்த்ததில்லை. அவளுக்கு நாலாவது கணக்குதான் தெரியும் என்று ஊருக்குச் சொன்னது வேறு யாரோ அல்ல, எங்கள் பள்ளியேதான்.

போன வாரம் இந்தப் பத்தியில் கழிப்பறைச் சாவி விவகாரத்தை எழுதியதைப் படித்துவிட்டு, ‘டீச்சர் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்கிறாரா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பார்த்தேன் ஐயா. இந்தக் கதையை எழுத உட்காரும்வரை சரியாகத்தான் இருந்தது.

சக்கரம் வைத்த நாற்காலி

முகக்கவசம் மூக்கிலிருந்து இறங்கித் தாடைக்கு வந்திருந்த காலம். பிள்ளைகள் வீட்டிலேயே இருந்ததில் பாடம் நிறைய விட்டுப்போயிற்று, ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தில் நிற்கிறார்கள், ஆகவே ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பாடம் வேண்டும் என்றார்கள். எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே கரும்பலகை பற்றாது என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? இருந்தது ஒரு பலகைதான்.

பெங்களூரிலிருந்து ஒரு குழு வந்தது. பிரணவ் என்கிற இளைஞர்தான் தலைவர். நல்ல பிள்ளை. கன்னட வாசனையோடு தமிழ் பேசுவார். எங்கள் பிள்ளைகளில் பல பேருக்கு வீட்டில் கன்னடமோ தெலுங்கோ என்பதால் வந்த அன்றே அவரிடம் ஒட்டிக்கொண்டார்கள். “இத்தனை பள்ளி இருக்க எங்களை ஏன் பிடித்தீர்கள்?” என்று கேட்டேன். “உங்க ஸ்கூல் வரைக்கும் ரோடு நல்லா இருக்கு மேம், விசிட்டர்ஸ் கார் வரும்” என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

பெஞ்சுகள் போயின. சக்கரம் வைத்த மஞ்சள் நாற்காலிகள் வந்தன. எங்கள் வகுப்பறைத் தரை, கழுவிவிட்டால் தண்ணீர் ஓட வேண்டும் என்று வாசலை நோக்கிக் கொஞ்சம் சரிவாகப் போட்டது. முதல் நாள் பத்தாம் வகுப்பு மொத்தமும் கணக்குப் போட்டபடியே மெல்ல நகர்ந்து வாசலில் போய்க் கூடிவிட்டது. ‘மாணவர்கள் தாமாகவே குழுவாகிறார்கள்’ என்று ஒரு விசிட்டர் எழுதிக்கொண்டார். சக்கரத்துக்கு அடியில் செங்கல் துண்டு வைத்த பிறகுதான் அவரவர் இடத்தில் அவரவர் உட்கார முடிந்தது.

மணி அடிப்பதை நிறுத்தினார்கள். அவரவர் வேகத்தில் கற்கிற இடத்தில் மணி எதற்கு? சத்துணவு அக்காவுக்கு இந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. சோறு வெந்ததும் கரண்டியால் குண்டானில் ஓங்கித் தட்டுவார். அத்தனை வேகங்களும் அந்த நிமிஷம் ஒரே வேகமாகிவிடும்.

நானும் ஆசிரியர் இல்லை என்று ஆயிற்று. ‘கற்றல் துணைவர்’ என்று அட்டையில் அச்சடித்துக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். அதோடு வீட்டுக்குப் போனேன். “இங்க வாழ்க்கைத் துணை, அங்க கற்றல் துணை. எங்கயுமே உனக்குன்னு ஒரு வேலை கெடையாதா?” என்றார் வீட்டுக்காரர். அன்று ராத்திரி அவருக்கு ரசம்தான்.

பெட்டிக்குள் இருந்த பாடம்

புதுசாக எது வந்தாலும் நான் முகம் சுளிக்கிறவள் என்று நினைக்க வேண்டாம். கம்பைநல்லூரில் நான் படித்த பள்ளியில் ரேடியோ பாடம் இருந்தது. எங்கிருந்தோ ஒரு ஐயா கரகரவென்று பூகோளம் நடத்துவார். எதிர்க்கேள்வி கேட்டால் அவருக்குக் கேட்காது என்பதில் எங்களுக்குப் பெரிய நிம்மதி.

பிறகு டி.வி. வந்தது. மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். சாவி ஹெட்மாஸ்டர் இடுப்பில். கிரிக்கெட் நடக்கிற நாளில் மட்டும் கல்வி ஒளிபரப்பு தவறாமல் நடந்தது.

நான் வேலைக்கு வந்த பிறகு கலர் கலராய் அட்டைகள் வந்தன, பாய் விரித்தோம். புரொஜெக்டர் வந்தது, ஜன்னலுக்குப் போர்வை கட்டினோம். ஒவ்வொன்றும் வரும்போது, இதற்குமுன் வந்ததெல்லாம் தப்பு என்று சொல்லிக்கொண்டுதான் வரும். அப்படிச் சொல்லாமல் வந்தது ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

ஆனாலும் பிரணவ் கொண்டுவந்த இந்தத் தொடுதிரை டேப் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் ஆசை இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். பிள்ளை கணக்கைத் தப்பாகப் போட்டால் அது திட்டாது, அலுக்காது, வேறு மாதிரி கேட்கும். என்னால் முடியாத பொறுமை அது.

மாத்தாள் வேலை

ஆளுக்கு ஒரு டேப். டேப்புக்கு ஒரு எண். அதற்குள் அந்தப் பிள்ளைக்கென்றே ஒரு பாதை. ஐந்தாம் வகுப்பு நிலையில் இருப்பவனுக்கு ஐந்தாவதிலிருந்து, எட்டில் இருப்பவனுக்கு எட்டிலிருந்து. கீழே நின்றால் சிவப்பு, நடுவில் மஞ்சள், வகுப்பை எட்டிவிட்டால் பச்சை. காலையில் டேப், மத்தியானம் என்னோடு. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

நெட் வரவில்லை. எல்லா டேப்பையும் ஒன்றாகத் திறந்தால் நடுவில் ஒரு வளையம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். புகார் எழுதினேன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. அந்தப் பதிலைத் திறக்கும்போதும் வளையம்தான் சுற்றியது.

ஒரே ஒரு டேப்பைத் திறந்தால் மட்டும் பறக்கும். அதைக் கண்டுபிடித்தது பவித்ரா.

அப்புறம் அவர்கள் செய்ததை வேறு எந்த ஊர்ப் பிள்ளைகளும் செய்திருக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் தக்காளி பறிப்புக்கு மாத்தாள் முறை உண்டு. கூலிக்கு ஆள் பிடிக்க முடியாத குடும்பங்கள் ஒன்று சேர்ந்துகொள்வார்கள். இன்றைக்கு எல்லோரும் உன் தோட்டத்தில், நாளைக்கு எல்லோரும் என் தோட்டத்தில். விடியற்காலையில் அந்தப் பறிப்புக்குப் போய்விட்டுத்தான் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கே வருவார்கள். டேப்பையும் அவர்கள் தோட்டமாக நினைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை வகுப்பு மொத்தமும் ஹரிஷ் டேப்பில். செவ்வாய்க்கிழமை மொத்தமும் இன்னொருத்தி டேப்பில்.

ஒரு நாள் தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் போனேன். நெட் நன்றாக எடுப்பது அங்கேதான். ஒரு டேப்பைச் சுற்றி மொத்த வகுப்பும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தது. நடுவில் பவித்ரா. “ஏன் மைனஸ் வந்துச்சு, நீ சொல்லு. சொல்லாம அமுத்தக் கூடாது. மாத்தாளுக்கு வந்துட்டு வரப்புல குந்திக்கினு இருந்தா வுடுவாங்களா?” என்று ஹரிஷை அதட்டிக்கொண்டிருந்தாள். ஹரிஷ் ஏழாம் வகுப்பிலிருந்தே என்னிடம் மைனஸைக் கண்டால் பேய் முழி முழிக்கிறவன். அன்றைக்குத் திக்கித் திணறிச் சரியாகச் சொன்னான்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்ன நடக்கிறது என்று புரிந்தது, அவர்களைக் கலைக்கவில்லை. கலைத்திருந்தால் என்னைவிட முட்டாள் கிடையாது.

பாய்ச்சல்

பெங்களூரில் உட்கார்ந்து பார்த்த பிரணவுக்கு இது வேறு மாதிரித் தெரிந்தது. ஒரு பிள்ளை வாரக்கணக்கில் தொடுவதே இல்லை. திடீரென்று ஒரே நாளில் காலையிலிருந்து சாயங்காலம் வரை போட்டு ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புக்குப் போய்விடுகிறது. அடுத்த நாள் இன்னொரு பிள்ளை அதே மாதிரி. மனுஷன் ஆடிப்போய்விட்டார்.

“மேம், இதுக்கு நாங்க ‘பாய்ச்சல் கற்றல்’னு பேர் வெச்சிருக்கோம். உலகத்துல வேற எங்கயும் இந்த பேட்டர்ன் வரல” என்று போனில் மூச்சு வாங்கச் சொன்னார். “வராதுப்பா” என்றேன். “எப்படி மேம் அவ்ளோ நிச்சயமா சொல்றீங்க?” என்று கேட்டார். “எங்க ஊர் தண்ணி அப்படி” என்றேன். அதையும் குறித்துக்கொண்டிருப்பார்.

பவித்ரா தன் டேப்பைத் தொடவே இல்லை. தன் முறையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டாள். யாருக்கு எது வரவில்லையோ அவர்கள் டேப்பை முதலில் முடிப்போம் என்று அவள்தான் வரிசை போட்டாளாம். எப்படியும் கடைசி நாளில் எல்லோரும் சேர்ந்தால் அவளுடையதை மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம்.

கடைசி நாளும் வந்தது. அன்று சாயங்காலம் அவரவர் நிறத்தை உறுதி செய்து எல்லாப் பெற்றோருக்கும் மெசேஜ் போக வேண்டும். அன்றைக்குப் பார்த்து மண்டியில் தக்காளி விலை ஏறிக்கொண்டது. எங்கள் பக்கம் விலை ஏறினால் அது எத்தனை நாளைக்கு என்று யாரும் சொல்ல முடியாது. வகுப்பில் ஈ காக்கை இல்லை. பவித்ராவும் வரவில்லை. மஞ்சள் நாற்காலிகளோடு நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். பறிப்புக்குப் போயிருக்கிறார்கள் என்று தெரிந்தது. யார் தோட்டத்துக்கு என்று நான் விசாரிக்கவில்லை.

சாயங்காலம் கட்டம் கட்டமாக நிறம் விழுந்தது. வகுப்பு மொத்தமும் பச்சை. ஒரே ஒரு சிவப்பு. தொடாத டேப், தொடங்கிய நாலாம் வகுப்பிலேயே நின்றிருந்தது.

மறுநாளே பிரணவைப் போனில் பிடித்தேன். “இந்தப் பிள்ளைதான் மத்தவங்களுக்கே சொல்லிக்குடுக்கறா. மாத்திவிடுப்பா.”

“டேட்டா அப்படித்தான் சொல்லுது மேம். அவங்க இனிமே தினமும் பண்ணட்டும், தானா ஏறும்.”

அவளைத் தனியாக உட்கார வைத்தேன். கூடைக்குப் பன்னிரண்டு மாம்பழம், நான்கு கூடையில் எத்தனை என்று கேட்டது டேப். பவித்ரா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நாற்பத்தெட்டைத் தொட்டாள். பட்டாசு வெடித்தது, பொம்மை யானை கைதட்டியது. அத்தனையும் சரியாகப் போட்டும் ஒரு படிக்கு மேல் ஏற்றவில்லை. இத்தனை நாளைக்கு ஒரு படிதான் என்று ஏதோ விதியாம், பொதுத்தேர்வு முடிந்த பிறகுதான் அவள் பத்தாம் வகுப்புக்கு வந்து சேர முடியும்.

மறுபடி பிரணவுக்குப் போன் போட்டேன். “அதுக்கு முந்தி மத்த பிள்ளைங்க ஒரே நாள்ல பறந்தாங்களேப்பா?”

“அந்த பேட்டர்னைப் பார்த்து, யாராவது ஏமாத்திடக் கூடாதுன்னு புதுசா லாக் போட்டிருக்கோம் மேம்.” ரொம்பப் பிரியமாகச் சொன்னார்: “அவங்க வேகத்துல போகட்டும் மேம். அதுதானே நம்ம மாடல்.”

போனை வைத்துவிட்டு நான் சொன்னதை எந்தப் பத்திரிகையும் அச்சடிக்காது.

வாசலில்

அதற்கு இரண்டொரு நாள் கழித்துத்தான் மாதையன் போனும் கையுமாக வந்து நின்றார்.

“மெசேஜ் தப்புங்க. உங்க பொண்ணுதான் கிளாஸ்லயே முதல்” என்றேன்.

“அப்ப மத்த வூட்டுக்கெல்லாம் வந்த மெசேஜும் தப்புங்களா?”

பக்கத்தில் நின்ற ஹெட்மாஸ்டர் சண்முகம் சார் என் முழங்கையைத் தொட்டார். வியாழக்கிழமை மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள். பாய்ச்சல் கற்றலைப் பார்க்கத்தான் வருகிறார்கள். “தப்புன்னு வாயத் திறக்காதீங்கம்மா. மொத்தமும் கவுந்துரும்” என்று காதோடு சொன்னார். அவரையும் குறை சொல்ல மாட்டேன். ரிட்டயர் ஆகப் போகிற நேரத்தில் முதல் முறையாகப் பள்ளிக்கு ஒரு நல்ல பேர் வந்திருந்தது.

பவித்ராவைக் கூப்பிட்டேன். பையோடுதான் வந்தாள். அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டபோதே விஷயம் அவளுக்குப் புரிந்திருக்கிறது. வராண்டாப் பலகையில் இருக்கிறதிலேயே கடினமான கணக்கு ஒன்றைப் போட்டேன். சாக்பீஸை வாங்கிக் கடகடவென்று முடித்துவிட்டு, “போதுங்களா டீச்சர்?” என்றாள்.

“பாத்தீங்களா?” என்றேன் மாதையனிடம், எதையோ சாதித்தவள் மாதிரி.

அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அது சரியா தப்பான்னு எனக்கு எப்படிங்க தெரியும்? பள்ளிக்கூடம் சொல்றதத்தானே நாங்க நம்பணும். நீங்க ஒண்ணு சொல்றீங்க, பள்ளிக்கூடம் ஒண்ணு சொல்லுது.” பெண்ணைப் பார்த்து, “ஏறு வண்டில” என்றார்.

இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்தவள், ஒரு தகப்பனுக்குப் புரிகிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமல் நின்றேன். பவித்ரா இரண்டு படி இறங்கிவிட்டாள்.

“மாமா!” என்று உள்ளிருந்து ஹரிஷ் ஓடிவந்தான். பின்னாலேயே வகுப்பு மொத்தமும். “அவ மேல ஒண்ணும் தப்பில்ல மாமா. நாங்க டேப்ல மாத்தாள் போட்டோம். எல்லார் டேப்லயும் அவதான் முன்னாடி நின்னு செஞ்சா. அவ முறை வந்தப்ப நாங்க யாரும் வரல.”

சண்முகம் சார் தலையில் கை வைத்துக்கொண்டு தூணோரம் சாய்ந்துவிட்டார்.

நான் பலகையில் போட்டுக் காட்டியும் புரியாதது மாதையனுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. முகம் சிவந்து போயிற்று. அதுவரை இல்லாத கோபம் அப்போதுதான் வந்தது. “ஏன்டா, மாத்தாள் வாங்கிக்கினு திருப்பிப் போவாம இருந்தீங்களா? உங்க அப்பனுங்க இப்படி செஞ்சா எவனாச்சும் மறுக்கா அவன் காட்டுப் பக்கம் போவானாடா? ஒரு பொட்டப்புள்ளய அத்தன நாளு வேல வாங்கிட்டு, அவ முறைக்கு டிமிக்கி குடுத்தீங்களா? வெக்கமா இல்ல? அன்னிக்கு அப்படி எங்கடா போய்த் தொலைஞ்சீங்க?”

எல்லோரும் பவித்ராவைப் பார்த்தார்கள். அவள் ஹரிஷைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள்.

“சொல்லுடா!”

“உங்க தோட்டத்துக்குத்தான் மாமா வந்தோம்” என்றான் ஹரிஷ். “வெல ஏறிடுச்சு, நாளைக்கு இருக்காது, புள்ளைங்களையும் அனுப்புங்கன்னு நீங்கதானே வூடு வூடா வந்து கூப்பிட்டீங்க. அன்னிக்கு உங்க முறை.”

மாதையன் படியில் உட்கார்ந்துவிட்டார்.

பெண்ணிடம், “நீ ஏன் புள்ள அன்னிக்கு சொல்லல?” என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

“சொன்னா நிறுத்தியிருப்பியா?” என்றாள் பவித்ரா. அவள் கண்ணில் தண்ணீர் இல்லை, எனக்குத்தான் இருந்தது. “பழம் செடியிலயே கெடந்தா அழுவிப் போயிரும். என் டேப்பு எங்க போவப் போவுதுன்னு நெனச்சேன். போயிடுச்சு.”

மாதையன் என்னைப் பார்த்துத்தான் பேசினார், அவளைப் பார்க்கவில்லை. “டீச்சர், பதினொண்ணாவது எங்க சேக்கணுங்க?”

“பாலக்கோட்டுல சேக்கலாங்க” என்றேன்.

“எழுதிக்கோங்க. சேக்கறேன்.”

“ஃபர்ஸ்ட் குரூப்பு” என்றாள் பவித்ரா.

“அது எதுவோ. சேக்கறேன்னு சொல்லிட்டன் இல்ல?”

“ஃபர்ஸ்ட் குரூப்புன்னு சொல்லுப்பா. எல்லாரும் இருக்காங்க, இப்பவே சொல்லு.”

வகுப்பே திரண்டு நின்று பார்க்க, தக்காளிக் கறைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த மனுஷன் தனக்கு அர்த்தம் தெரியாத அந்த இரண்டு வார்த்தையையும் ஒவ்வொன்றாகச் சொன்னார்.